குளம் பச்சையான மழைக்காலம்

யூரியா மூட்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் பை இருக்குமே, உங்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? வெளியே சணல் சாக்கு, உள்ளே பால் நிறத்தில் கனமான பை. அதை நன்றாக அலசி, ஒரு மூலையை மறு மூலைக்குள் செருகித் தலையில் கவிழ்த்துக்கொண்டால் முட்டி வரைக்கும் மழை படாது. எழுபதுகளில் புனேயை அடுத்த தேஹு ரோடு பக்கம் வளர்ந்த நம்மில் பாதிப் பேர் அதைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போயிருப்போம். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் அதை முதலில் போட்டுக்கொண்டவள் நான். சித்தப்பாவின் புண்ணியம்.

இப்போது நம் வயதுக்காரர்கள் கூடினால் சர்க்கரையும் முழங்காலும்தான் பேச்சு. போன தடவை மட்டும் யாரோ, ஊரில் உள்ள ஏரியெல்லாம் ஏன் இப்படிப் பச்சையாக நாறுகிறது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சாப்பாடு ஆறிப்போயிருக்கும். அதனால் எழுதிவிடுகிறேன்.

அப்பா படைக்கலக் கிடங்கில் குமாஸ்தா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருடைய அப்பா இறந்தபோது சித்தப்பா நடை பழகாத குழந்தை. ஆகவே அப்பாவுக்கு அவர் தம்பி பாதி, மகன் பாதி. இங்கிருந்து பணம் அனுப்பித்தான் அவரை விவசாயக் கல்லூரியில் படிக்க வைத்தார். படித்து முடித்ததும் ஓர் உரக் கம்பெனியில் வேலை கிடைத்தது. விவசாயிகளைத் தேடிப் போய் உரம் போடக் கற்றுக்கொடுக்கும் வேலை. புனே பக்கமே போட்டார்கள். அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயிலில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார்.

மே மாத விடுமுறையில் சித்தப்பா வந்து இறங்கினார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கருப்பட்டிப் பொட்டலம், மண் தோண்டிப் பார்க்க ஒரு சின்ன இரும்புக் கரண்டி. எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். வராந்தாவில் நாடாக் கட்டில் போட்டுக் கொடுத்தோம். கம்பெனி ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தது. எல்லாம் இருந்தது, மொழி மட்டும் இல்லை. மராத்தி ஓர் எழுத்து தெரியாது, இந்தியும் தெரியாது. விவசாயிகளுக்கோ இங்கிலீஷ் தெரியாது.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். தெருவில் விளையாடியே மராத்தி படிந்திருந்தது. விடுமுறை முழுக்க, பள்ளிக்கூடம் திறந்த பிறகு சனிக்கிழமை மத்தியானங்களிலும் ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகும், நான் பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார்ந்து அவரோடு போனேன். அவர் தமிழில் சொல்வார், நான் மராத்தியில் சொல்வேன்.

நாங்கள் அதிகம் போனது மலையடிவாரத்தில் இருந்த ஒரு கிராமத்துக்கு. அங்கே ஒரு பழைய குளம். ஏரி என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் திருநெல்வேலிக்காரர்களுக்கு எத்தனை பெரிதானாலும் அது குளம்தான். சுற்றிலும் சரிவில் கரும்பும் வெங்காயமும் காலிஃபிளவரும். எல்லா வயலும் குளத்தைப் பார்த்தே சரிந்திருக்கும். தண்ணீர் அப்போது எவ்வளவு தெளிவு என்றால், இடுப்பளவு ஆழத்தில் நின்றாலும் கால் விரல் தெரியும். கரையை ஒட்டிக் கொஞ்ச தூரத்துக்கு யாரும் உழாத புல்தரை. எருமைகள் அங்கே மேயும்.

முதல் நாள் சித்தப்பா ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்த்துவிட்டு, "இந்த மண்ணு பசியா கெடக்குன்னு சொல்லு" என்றார். நான் "ஜமீன் புகேலி ஆஹே" என்றேன். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்த வார்த்தை அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு சித்தப்பாவைப் பார்த்தாலே, இன்றைக்கு மண்ணுக்கு என்ன சாப்பாடு என்று கேட்பார்கள்.

ஊர்த் தலைவரை எல்லாரும் சர்பஞ்ச் என்பார்கள். கனத்த மீசை, மெல்லிய குரல். அவருக்குத்தான் கரும்பு அதிகம். அவர் வயலில் ஒரு துண்டைக் கயிறு கட்டிப் பிரித்து, சித்தப்பா தன் உரத்தைப் போட்டுக் காட்டினார். கோடையிலேயே அந்தத் துண்டில் கரும்பு கரும்பச்சையாக எழும்பி நின்றது. அக்கம்பக்கத்து வயல்காரர்கள் வந்து வந்து தொட்டுப் பார்த்தார்கள். சர்பஞ்ச் என் கையில் ஒரு துண்டுக் கரும்பைக் கொடுத்து, உன் சித்தப்பாவுக்கு ராசியான கை என்று சொன்னார். அதை மொழிபெயர்த்தபோது சித்தப்பாவுக்குக் காது வரை சிவந்தது.

பிறகு கூட்டம் கூட்டமாக வந்து கேட்டார்கள். அவரும் வஞ்சகமில்லாமல் சொன்னார். உரத்தைப் பிரித்துப் பிரித்துப் போட வேண்டாம், முதல் மழைக்கு முந்தி மொத்தமாகப் போட்டுவிடுங்கள், மழையே கரைத்து வேருக்குக் கொடுத்துவிடும் என்றார். கரையோரத்துப் புல்தரையைச் சும்மா விட்டிருக்கிறீர்களே, அதையும் உழுது வெங்காயம் போடலாமே என்றார். எல்லாவற்றையும் நான்தான் மராத்தியில் சொன்னேன். அதிகம் விளைந்தால் எல்லாருக்கும் நல்லது என்று அவர் மனதார நம்பினார். அன்றைக்கு அதை நம்பாதவர் யார்?

குளத்தில் மீன் பிடிக்கும் குத்தகை ஒரு தம்பதியிடம் இருந்தது. மனைவி வாரத்தில் இரண்டு நாள் எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் கூடையில் மீன் கொண்டுவருவாள். நாங்கள் அவளை மாவ்ஷி என்போம், மராத்தியில் சின்னம்மா. சித்தப்பா முதல் தடவை பார்த்தபோது மரியாதையாக "மாஷி" என்று கூப்பிட்டார். மாஷி என்றால் ஈ. மாவ்ஷி கூடையை இறக்கி வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு எங்கள் வாசலுக்கு வரும்போதெல்லாம், ஈ வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டேதான் வருவாள்.

அவள் கணவரை நாங்கள் காகா என்போம். படகு கிடையாது. லாரி டயரின் டியூபில் காற்றடித்து, அதன் மேல் பலகை கட்டி உட்கார்ந்துகொண்டு, இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே வலை விரிப்பார். அதிகம் பேசமாட்டார். பேசினால் கோபமாகத்தான் பேசுவார். அந்த மழைக்காலத்தோடு அவர் குத்தகை முடிகிறது, அடுத்தது சர்பஞ்சின் மைத்துனருக்குப் போகும் என்று பேச்சு. அந்தக் கோபத்தில் ஒரு நாள் டீக்கடையில் வைத்து, எனக்கில்லாத குளத்தில் எவனுக்கும் மீன் இருக்காது என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டவர்கள் பலர்.

ஜூனில் மழை வந்த அன்று நாங்கள் அங்கேதான் இருந்தோம். அந்த வாரம் முழுக்க ஊரே உரம் போட்டிருந்தது. சர்பஞ்சின் மாட்டுக் கொட்டகையில் ஒதுங்கி நின்றோம். தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் எதிரே நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. வரப்பெல்லாம் உடைந்தது. செம்மண் தண்ணீர் வெங்காயப் பாத்திகளின் ஊடாகப் புகுந்து, சரிவில் இறங்கி, புதிதாக உழுத கரையைக் கடந்து, குளத்துக்குள் போய் விழுந்தது. குளத்தின் நடுவில் மட்டும் கொஞ்ச நேரம் நீலம் மிச்சம் இருந்தது, பிறகு அதுவும் போயிற்று. சித்தப்பா என் காதில் குனிந்து, "பாத்தியாட்டி, மழை நமக்கு வேல செய்யுது" என்றார். அவருடைய முகத்தில் இருந்த சந்தோஷம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

உரம் கரைந்து போய்விட்டதே என்று சிலர் மறுபடியும் போட்டார்கள்.

அதன் பின் கொஞ்ச நாள் மழை விட்டு வெயில் அடித்தது. குளம் பச்சையானது. முதலில் ஓரத்தில் மட்டும், இளநீர்க் காயின் தோல் மாதிரி ஒரு சாயல். பிறகு நாளுக்கு நாள் தடித்து, பெயிண்டைக் கரைத்து ஊற்றியது போல் ஆயிற்று. பாவாடையை நனைத்தால் ஓரமெல்லாம் பச்சைக் கறை. எனக்கு அது ஒரே வேடிக்கை. அம்மாதான் துவைக்க மாட்டாமல் திட்டினாள். சிலர் குளத்துக்கும் சத்து ஏறிவிட்டது என்று தமாஷ் பண்ணினார்கள். சித்தப்பாவும் சிரித்தார். மாவ்ஷி மட்டும், காலையில் போனால் மீனெல்லாம் தண்ணீருக்கு மேலே வாயை வைத்துக்கொண்டு நிற்கிறது, வெயில் ஏறிய பிறகுதான் உள்ளே போகிறது, காகாவுக்கு அது பிடிக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா அதைச் சித்தப்பாவிடம் சொன்னாள். மழைக்காலத்தில் அப்படித்தான் இருக்கும் மதினி என்று அவர் சொல்லிவிட்டார்.

பிறகு மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல், காற்றும் அசையாமல், வானம் சில நாள் மூடியே கிடந்தது. அதன் முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் கோயிலிலிருந்து வந்தபோது மாவ்ஷி எங்கள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் மீன்கூடை இல்லை, மூடி போட்ட ஒரு மண்பானை இருந்தது. ஈ வந்திருக்கிறது என்று அவள் சொல்லவில்லை.

விடிந்து பார்த்தால் குளம் முழுக்க மீன் செத்து மிதக்கிறது என்றாள். கரையெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஒதுங்கிக் கிடக்கிறது. காகாதான் விஷம் கலந்துவிட்டார் என்று ஊரே சொல்கிறது. டீக்கடையில் சொன்னதைத்தான் செய்துவிட்டான் என்கிறார்கள். அவரைப் பிடித்து ஊர்க் கோயில் மண்டபத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள், டியூபைக் கத்தியால் கிழித்துவிட்டார்கள், சாயங்காலம் கூட்டம் கூட்டிப் போலீஸில் ஒப்படைக்கப் போகிறார்கள். சித்தப்பா படித்தவர், அவர் பேச்சை ஊர் கேட்கும், வந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். இதைச் சொல்லி முடிக்கும் வரைக்கும் அவள் அழவில்லை. சொல்லி முடித்த பிறகு, இது காலையில் குளத்தில் உயிரோடு அகப்பட்டது, யாருக்கும் விற்க மனசில்லை, நீ வைத்துக்கொள் என்று பானையை அம்மாவிடம் நீட்டினாள். அப்போது அழுதாள்.

அப்பாவும் சித்தப்பாவும் உள்ளே போய்ப் பேசிக்கொண்டார்கள். இரண்டு பேருக்குமே சந்தேகமில்லை. குத்தகை போகிற ஆத்திரத்தில் செய்திருப்பான், கோபக்காரன், இதில் நாம் தலையிடக் கூடாது என்றார் அப்பா. சித்தப்பாவும் தலையாட்டினார். சொல்லப்போனால், பூச்சிமருந்து எதைக் கலந்திருப்பான் என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தார்.

அம்மா பானையின் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளே இரண்டு விரால். கறுத்து, வழுவழுவென்று, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு சுற்றின.

"தம்பி, இங்க வாங்க. இது அந்தக் கொளத்து மீனுதான? வெஷம்னா இது மட்டும் எப்படித் தப்பிச்சுது?"

சித்தப்பா வந்து குனிந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு விரால் மேலே வந்து, காற்றை ஒரு வாய் விழுங்கிவிட்டுக் கீழே போனது. சற்றுப் பொறுத்து மற்றதும் வந்து விழுங்கிவிட்டுப் போனது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாவ்ஷியிடம் செத்தது என்னென்ன மீன் என்று கேள் என்று என்னிடம் சொன்னார். ரோகு, கட்லா, சின்னப் பொடிகள். குளத்தில் இறங்கிய எருமைகள்? ஒன்றும் ஆகவில்லை. தவளை? கத்திக்கொண்டுதான் இருக்கிறது. செத்த மீனைத் தின்ற காக்கைகள்? இன்னும் தின்கின்றன.

"வெஷமில்ல மதினி," என்றார் சித்தப்பா. "மூச்சு முட்டிச் செத்திருக்கு."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். குளத்தில் உள்ள பச்சை, கண்ணுக்குத் தெரியாத சின்னப் பாசி. வயலுக்குப் போட்ட உரம் மழையோடு இறங்கிவந்தால், கரும்பு வளர்கிற மாதிரி அதுவும் வளரும். வெயிலடிக்கும்போது அது தண்ணீருக்குள் மூச்சைக் கொடுக்கும். இருட்டிலும் மூட்டத்திலும் அதுவே மூச்சை எடுத்துக்கொள்ளும். செத்து அழுகும்போது மிச்சமிருப்பதையும் எடுத்துவிடும். விராலுக்கு மேலே வந்து காற்றை விழுங்கத் தெரியும், மற்ற மீனுக்குத் தெரியாது. கல்லூரியில் இதைப் படித்திருக்கிறார். பரீட்சையில்கூட எழுதியிருக்கிறார்.

அம்மா மெதுவாகத்தான் கேட்டாள். "அவ்வளவு உரத்தையும் போடச் சொன்னது யாரு?"

 சித்தப்பா எழுந்து சட்டையை மாட்டினார்.

அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். உரம் விற்றது கம்பெனி, நீ இல்லை என்றார். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போகும் என்றார். ஊர்க்காரர்கள் அவனை விட்டுவிட்டு உன்னை அடிப்பார்கள் என்றார். எனக்கு அன்று அப்பா கோபமாக இருக்கிறார் என்றுதான் தோன்றியது. அவர் பயந்துபோயிருந்தார் என்பது என் பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

"அண்ணன், நீங்க சொல்லுதது எல்லாம் சரி," என்றார் சித்தப்பா. "ஆனா அங்க ஒரு ஆள உக்கார வச்சிருக்காங்களே."

மாவ்ஷியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பானையை அவள் மடியில் வைத்து, மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். அப்பா திண்டாடிக்கொண்டு வராந்தாவில் நின்றார். பிறகு சட்டென்று சைக்கிளை எடுத்தார்.

"ஏறுட்டி," என்றார் என்னிடம். "அவன் என்ன சொல்லுதானோ அத நீயே சொல்லு. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

வழி முழுக்க ஏற்றம். அப்பா மூச்சு வாங்க மிதித்தார், இறங்கித் தள்ளினார், மறுபடி மிதித்தார். கிராமம் வருவதற்கு முன்பே நாற்றம் வந்தது. குளத்தை நான் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனாலும் கொஞ்சம் பார்த்துவிட்டேன்.

கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. காகா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு வீங்கியிருந்தது. எங்களைக் கண்டதும் சித்தப்பா நடுவில் போய்ப் பானையை வைத்து மூடியைத் திறந்தார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். அப்பா எனக்குப் பின்னால், கூட்டத்தோடு கூட்டமாக.

சித்தப்பா நிதானமாகத் தமிழில் சொன்னார், நான் சொல்லிக்கொண்டே வந்தேன். விரால் எப்படிப் பிழைத்தது என்று சொன்னேன். எருமைகளையும் தவளைகளையும் காக்கைகளையும் சொன்னேன். பச்சை எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். அதுவரைக்கும் எல்லாரும் பானையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு எங்களைப் பார்த்தார்கள்.

"உரத்தப் போடச் சொன்னது நான். கரைய உழச் சொன்னதும் நான். தப்பு என்னோடது. அவர விட்டுருங்க. சொல்லுட்டி."

 எனக்குக் கரும்பு ஒடித்துக் கொடுத்தவர்கள், என்னைத் தூக்கி வண்டியில் வைத்தவர்கள், எல்லாரும் எதிரே நிற்கிறார்கள். வார்த்தைகள் தெரியும், வாய்தான் வரவில்லை. சித்தப்பா இன்னொரு முறை சொல்லு என்றார். நான் அழ ஆரம்பித்தேன்.

அப்போது பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. இருபது வருஷம் இங்கே வேலை பார்த்தவரின் சுத்தமான மராத்தி. உரம் போடச் சொன்னதையும் கரையை உழச் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னார். கடைசியாக, "சூக் ஆம்ச்சி ஆஹே" என்றார்.

உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் மொழியைப் போலவே மராத்தியிலும் 'எங்கள்' வேறு, 'நம்' வேறு. சித்தப்பா சொன்னது என் தப்பு. அப்பா சொன்னது எங்கள் தப்பு. சொல்லிவிட்டு முன்னால் வந்து, என் தோளில் கை வைத்து, தம்பிக்குப் பக்கத்தில் நின்றார்.

 சர்பஞ்ச் பானைக்குள் வெகுநேரம் பார்த்தார். என் எருமைகளும் காலையில் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தன என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். பிறகு, இந்தப் பையன் சொன்ன அளவைவிட நான் கூடத்தான் போட்டேன், மழையில் போன பிறகு இன்னொரு தடவையும் போட்டேன் என்றார். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார்.

"ஆம்ச்சி நாஹி," என்றார். "ஆப்லி."

எங்கள் இல்லை, நம்முடையது.

அவரே போய்க் காகாவைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். காகா அந்தக் கையை உதறினார். உதற அவருக்கு உரிமை இருந்தது. யாரையும் பார்க்காமல் குளத்துக்குப் போய், இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் செத்த மீன்களை அள்ளத் தொடங்கினார். கொஞ்ச நேரம் அவர் மட்டும்தான் அள்ளினார். பிறகு டியூபைக் கிழித்தவர்களில் ஒருவன் வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினான். அதன் பிறகு எல்லாரும் இறங்கினார்கள். சித்தப்பா தண்ணீர் திரும்பி வராத மேட்டில் குழி வெட்டச் சொன்னார்.

அப்பா பயந்தது நடந்தது. உரக் கடைக்காரர் கம்பெனிக்குச் சொல்லிவிட்டார். மோட்டார் சைக்கிளையும் வேலையையும் எடுத்துக்கொண்டார்கள். அப்பா யார் யாரையோ பார்த்துக் கிடங்கிலேயே ஒரு வேலைக்குச் சொல்லி வைத்தார். சித்தப்பா இப்போது வேண்டாம் என்றுவிட்டார். குளத்தைக் கெடுத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டு வர முடியாது, இந்த மழைக்காலம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். அத்தோடு அப்பா அவரோடு பேசுவதை நிறுத்தினார். ஊர் முன்னால் தம்பிக்காகப் பேசியவர், வீட்டுக்குள் அவரைப் பார்க்காமல் நடந்தார். ஆனால் மீன் குழம்பு வைத்த நாளில் தலைத்துண்டு சித்தப்பாவின் தட்டுக்குத்தான் போக வேண்டும், அதில் மாற்றம் இல்லை. அதை எடுத்து வைக்கச் சொல்லி அம்மாவுக்குக் கண்ணைக் காட்டுவதை நானே பார்த்திருக்கிறேன்.

சித்தப்பா அப்பாவின் சைக்கிளில் தினமும் கிராமத்துக்குப் போனார். உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, வேருக்குப் பக்கத்தில் வைத்து மூடச் சொன்னார். வானம் கறுத்தால் போடாதீர்கள் என்றார். சாணக் குப்பையைச் சரிவின் கீழே குவிக்காதீர்கள் என்றார். முக்கியமாக, உழுத கரையை மறுபடி புல்லுக்கு விடுங்கள், புல் வடிகட்டிக் கொடுக்கும் என்று கெஞ்சினார். குளமா வந்து என் வெங்காயத்தை வாங்கப் போகிறது என்று ஒருவர் முகத்துக்கு நேராகக் கேட்டார். சிலர் கடைசி வரை கேட்கவில்லை. சர்பஞ்ச் தன் கரையை முதலில் விட்டார். புல் வந்தது, அவருடைய எருமைகள் மேய்ந்தன. பால் கூடியதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் விட்டார்கள், குளத்துக்காக இல்லை. எதற்காக விட்டால் என்ன? இதற்குள் சித்தப்பா மராத்தி பேசக் கற்றுக்கொண்டார். நான் கூடப் போக வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

மறு வருஷம் அவருக்கு மண் பரிசோதனைக் கூடத்தில் அரசாங்க வேலை கிடைத்து வேறு மாவட்டத்துக்குப் போனார். அங்கேயே கல்யாணம், பிள்ளைகள். அப்பா முதலில் கண்ணை மூடினார், சில வருஷம் முன்னால் சித்தப்பாவும் போய்விட்டார். அந்தக் குளத்தைச் சுற்றி இப்போது அடுக்குமாடி வீடுகள். தண்ணீர் மறுபடியும் பச்சைதான். வயலே இல்லாத இடத்தில் வீட்டுச் சாக்கடை அந்த வேலையைச் செய்கிறது.

ஆனால் அந்த மழைக்காலம் முடியுமுன் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது.

குத்தகையைக் காகாவுக்கே நீட்டித்துக் கொடுத்தார்கள். மைத்துனருக்கு முகம் வாடியது, சர்பஞ்ச் கண்டுகொள்ளவில்லை. தண்ணீர் தெளியத் தொடங்கியதும் மீன்குஞ்சு விட வேண்டும் என்று முடிவாயிற்று. நகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பண்ணையிலிருந்து கொண்டுவர வேண்டும். மாவ்ஷிக்குக் காய்ச்சல். காகா முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, நாளைக்குக் கை வேண்டும், வருகிறீர்களா என்று நேராக அப்பாவைத்தான் கேட்டார். வீங்கிய உதடு ஆறி, ஒரு தழும்பு இருந்தது. அப்பாவால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

காகா, சித்தப்பா, அப்பா, நான். திரும்பும்போது புனே ஸ்டேஷனில் லோக்கல் ரயிலின் சாமான் பெட்டியில் ஏறினோம். இரண்டு அலுமினிய அண்டாக்கள். உள்ளே சீரகம் மிதப்பது போலக் குஞ்சுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கண் மட்டும் கறுப்பாக. பண்ணையில் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார்கள், குளம் போய்ச் சேரும் வரை கையால் தண்ணீரை அளைந்துகொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் மூச்சு முட்டிவிடும் என்று. ஒன்றில் காகா உட்கார்ந்தார், ஒன்றில் சித்தப்பா. அப்பா கதவோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். காலி பால் கேன்களோடு திரும்பும் பால்காரர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

சிஞ்ச்வட் ஸ்டேஷன் தாண்டியதும் ரயில் சிக்னலுக்கு நின்றுவிட்டது. நின்றது நின்றதுதான். சித்தப்பா வலது கையை மாற்றி இடது கையால் அளைந்தார், மறுபடி மாற்றினார். விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. ஒரு தடவை கை பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டது. குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்தன.

அப்பா சட்டைக் கையை மடக்கிக்கொண்டு வந்து குந்தினார்.

"நவுருல."

"அண்ணன், சட்ட நனஞ்சிரும்."

"நனையட்டும். எவ்வளவு நேரமா ஒத்தையில அளையுத. கை என்னத்துக்கு ஆகும்?"

சித்தப்பா நகரவில்லை. நான்கு கைகளும் அந்த அண்டாவுக்குள் சுற்றின. ரயில் கிளம்பிய பிறகும் இருவரும் எடுக்கவில்லை.

குளத்தங்கரையில் சர்பஞ்சும் ஊரும் காத்திருந்தார்கள். கரையில் புல் கணுக்கால் அளவுக்கு வந்திருந்தது. அப்பா தண்ணீரில் இறங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கால்சட்டையோடு முட்டி அளவு இறங்கி, அண்டாவைத் தலைகீழாகக் கவிழ்க்கப் போனார். சித்தப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"மெதுவா, அண்ணன். லேசா சாய்ச்சா போதும். அதுவளே போயிரும்."

அப்பா சாய்த்துப் பிடித்தார். குஞ்சுகள் கொஞ்ச நேரம் விளிம்பிலேயே தயங்கின. பிறகு ஒரு நூல் பிரிவது போல வெளியே போயின. அப்பா குனிந்து வெறும் அண்டாவுக்குள் பார்த்தார்.

"எல்லாம் போயிட்டால?"

"போயிட்டு, அண்ணன்."

அப்படியும் அவர் அண்டாவை நிமிர்த்தவில்லை. அதைச் சாய்த்துப் பிடித்தபடியே, தம்பியும் அவருமாகத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்கள்.